டோண்டர்ன் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜெர்மனி–டென்மார்க் எல்லையில் இருந்த பழைய டோண்டர்ன் மாவட்டத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இன்றைய வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய கதையைச் சொல்கிறார்கள். மற்ற பிழைகளெல்லாம் அநேகமாக அங்கிருந்துதான் வருகின்றன.

"1850இல் பிரஷ்யாவின் டோண்டர்ன் மாவட்டத்தில் பிறந்தார்" என்று ஒரு வம்சாவளிப் பட்டியல் சொன்னால் நம்பாதீர்கள். அப்போது அந்தப் பகுதி ஷ்லேஸ்விக் டச்சியில் (டென்மார்க் அரசரே ஆண்டாலும் டென்மார்க் ராஜ்யத்தில் சேராத தனிக் கோமக நாடு) இருந்தது. 1864 போரில் டென்மார்க் தோற்று, 1867இல் ஜெர்மன் அரசான பிரஷ்யா அதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகுதான் பிரஷ்ய மாவட்டமே வந்தது. அதிலும் ஒரு வம்பு உண்டு. பின்னாளில் இந்த மாவட்டத்தில் சேர்ந்த ஆம்ரும் தீவும் ஃபோர் தீவின் மேற்குப் பகுதியும் 1864 வரை டச்சியில்கூட சேரவில்லை, டென்மார்க் ராஜ்யத்தின் நேரடித் துண்டு நிலங்கள் அவை. ஆக ஃபோரில் பிறந்தவர் என்றால் கிழக்கா மேற்கா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

அடுத்தது 1920 வாக்கெடுப்பு: ஜெர்மனியா டென்மார்க்கா என்று ஷ்லேஸ்விக் மக்களிடமே கேட்டது, வடக்கு, தெற்கு என்று இரண்டு மண்டலங்களாகப் பிரித்து. டோண்டர்ன் நகரம் டென்மார்க்கைத் தேர்ந்தெடுத்தது என்று சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். நகரத்தில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்! ஆனால் வடக்கு மண்டலம் முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணுவது என்பது முன்கூட்டியே போட்ட விதி, அந்த மண்டலத்தில் டென்மார்க்குக்கு ஏறக்குறைய 75 சதவீதம் விழுந்ததால் நகரமும் கூடவே போனது. தெற்கு மண்டலத்துக்கோ ஊர் ஊராக எண்ணும் விதி. அன்று விதி பாரபட்சமானது என்று ஜெர்மானியர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

எல்லை மாறியதும் சில்ட் தீவுக்குப் படகு ஏறும் ஹோயர் துறை டென்மார்க்கிடம் போய்விட்டது. ஜெர்மன் தீவுக்குப் போக ஜெர்மானியர்கள் பூட்டிய ரயில் பெட்டிகளில் டென்மார்க் மண்ணைக் கடந்தார்கள். 1927இல் கடலுக்குக் குறுக்கே ரயில் அணை திறந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பேசும் மொழியை வைத்து ஆளை முடிவு செய்வது இன்னொரு பெரிய தப்பு. வீட்டில் டேனிஷ் வட்டார வழக்கு பேசிக்கொண்டே ஜெர்மனி பக்கம் நின்றவர்கள் அங்கே ஏராளம், தீவுகளில் ஃப்ரீசிய மொழி பேசியவர்கள் வேறு. பாஸ்போர்ட்டை வைத்தும் சொல்ல முடியாது. ஓவியர் எமில் நோல்டேயை எடுத்துக்கொள்ளுங்கள்: 1867இல் நோல்டே கிராமத்தில் பிறந்தார், 1920இல் ஊரோடு சேர்ந்து டேனிஷ் குடிமகன் ஆனார், அப்புறம் எல்லைக்குத் தெற்கே சீபுல்லில் வீடு கட்டிக்கொண்டு, தன்னை ஜெர்மானியராகவே கருதி நாஜிக் கட்சி வரை போனார், ஆனால் டேனிஷ் குடியுரிமையைக் கடைசிவரை விடவில்லை. 1955இல் இரு அரசுகளும் வெளியிட்ட பிரகடனங்கள், ஒருவர் தன்னை எந்தச் சமூகம் என்று சொல்கிறாரோ அதை அதிகாரிகள் சோதிக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டன.

சரி, மாவட்டம் எப்போது ஒழிந்தது? 1920 என்றும் 1970 என்றும் இரண்டு விடை கிடைக்கும், குழம்ப வேண்டாம். 1920இல் பழைய மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. தெற்கே நீபுல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென் டோண்டர்ன், 1970இல் வட ஃப்ரீஸ்லாந்து மாவட்டத்தில் கரைந்தது. வடக்கே டேனிஷ் மாவட்டமும் அதே 1970இல்தான் தென் யுட்லாந்து மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. இன்று டென்மார்க்கில் அதே பெயரில் உள்ள நகராட்சி 2007 சீர்திருத்தத்தில் உருவானது, அதன் எல்லையைப் பழைய மாவட்டத்தின் எல்லையாக வரையாதீர்கள்.