சந்தை பதறும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் உறவினர் ஒருவர் போன் செய்தார். "இன்னும் இறங்குறதுக்குள்ள எல்லாத்தையும் வித்துட்டேன்" என்றார். அவர் விற்றது மகளின் கல்லூரிப் படிப்புக்காக மாதாமாதம் சேர்த்துவந்த மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை. சென்செக்ஸ் அதற்குள் ஆறாயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்து 70,234 வரை போயிருந்தது. மாலையில் 72,079-இல் முடிந்தது. அன்று மட்டும் 4,389 புள்ளிகள் இழப்பு.

அவர் செய்த முதல் தவறு மிகச் சாதாரணமானது, ஆனால் பலரும் செய்வது. பங்கு சார்ந்த ஃபண்டில் பகல் 3 மணிக்குள் விற்கச் சொன்னால், அன்று சந்தை முடிந்தபின் கணக்கிடும் என்.ஏ.வி.தான் (ஒரு யூனிட்டின் மதிப்பு) கிடைக்கும். பன்னிரண்டரை மணி விலை என்று ஒன்று ஃபண்டில் கிடையவே கிடையாது. திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து அவசரப்பட்டதில் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூன் 7-ஆம் தேதி, சென்செக்ஸ் 76,693-இல் முடிந்தது. வீழ்ச்சிக்கு முந்தைய நாள் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

தொழிற்சாலை மூடலோ வரி உயர்வோ அந்த வாரச் சரிவுக்குக் காரணமில்லை. பிறகு எதற்கு இந்த ஆட்டம்? இதைப் புரிந்துகொள்ளாததுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். செய்தி நல்லதா கெட்டதா என்பதற்குச் சந்தை விலை வைப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிக்கே விலை வைக்கிறது. ஜூன் 1-ஆம் தேதி வெளிவந்த வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. அதை நம்பி 3-ஆம் தேதி சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது 293. ஆட்சி அமைக்கப் போதுமான எண்தான். ஆனால் பா.ஜ.க.வுக்குத் தனியாக 240 மட்டுமே. முதல் நாள் ஏறிய விலையில் அந்த 240 இல்லை. அதனால் விழுந்தது.

2004-இலும் இதே கதை. வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்று சந்தை எழுதிவைத்திருந்தது. வரவில்லை. இடதுசாரிகள் ஆதரவில் அமையும் அரசு பொதுத்துறைப் பங்கு விற்பனையை நிறுத்திவிடுமோ என்ற பயத்தில், மே 17-ஆம் தேதி வணிகம் இருமுறை நிறுத்தப்படும் அளவுக்குச் சரிவு. சென்செக்ஸ் 11 சதவீதம் இழந்து 4,505-இல் முடிந்தது. அந்த அரசில் ப. சிதம்பரம் நிதியமைச்சரானார், ஆண்டு முடிவில் சென்செக்ஸ் 6,600-ஐத் தாண்டி நின்றது. 2009 மே 18 இதன் மறுபக்கம். தொங்கு நாடாளுமன்றம் வரும் என்று பயந்திருந்தவர்களுக்குத் தெளிவான முடிவு கிடைத்ததும் ஒரே நாளில் 17 சதவீதம் ஏற்றம். உச்சவரம்பைத் தொட்டு வணிகமே நின்றுபோனது. அன்று காலை வாங்க நினைத்தவர்களால் வாங்கவே முடியவில்லை. எனவே முடிவு இப்படித்தான் வரும் என்று சரியாகக் கணித்தாலும் லாபம் நிச்சயமில்லை. சந்தை ஏற்கெனவே எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணித்தாக வேண்டும். அது நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் வேலை அல்ல என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு, சந்தை விழுந்தால் ரிசர்வ் வங்கி ஓடிவந்து தூக்கிவிடும் என்று காத்திருப்பது. ஜூன் 4 வீழ்ச்சிக்கு மறுநாள்தான், வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழுவின் கூட்டம் மும்பையில் தொடங்கியது. ஏதாவது செய்வார்கள் என்று பலர் பேசிக்கொண்டார்கள். 7-ஆம் தேதி அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் அறிவித்தது: ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி, 6.5 சதவீதத்திலேயே தொடரும். மாற்றமின்றித் தொடர்வது அது எட்டாவது முறை. குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது. சென்செக்ஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்த வேலையில் இல்லை.

அப்படியானால் 2004 மே 17-இல் ரிசர்வ் வங்கி ஏன் பேசியது? அன்று அது கொடுத்த உறுதி, வங்கிகளுக்கும் சந்தைக்கும் பணப்புழக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்பது. பங்கு வாங்கியவர் நஷ்டப்படுவதைத் தடுப்பதற்காக அல்ல. விற்றவருக்குச் சேர வேண்டிய பணம் உரிய நாளில் சேராமல் போய், ஒருவரின் முடக்கம் இன்னொருவரை முடக்கிவிடக்கூடாது என்பதற்காக. விலை இறங்குவது ஒன்று, பணம் கைமாறுவதே நின்றுபோவது வேறொன்று. மத்திய வங்கி பயப்படுவது இரண்டாவதற்கு.

இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி பிரிட்டனில் நடந்தது. 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி, லிஸ் டிரஸ் அரசின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 'மினி பட்ஜெட்' ஒன்றைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 4,500 கோடி பவுண்டுக்கு வரிச்சலுகை. அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்ற கணக்கு இல்லை. வழக்கமாகப் பட்ஜெட்டுடன் வரும் சுயேச்சையான மதிப்பீடும் இல்லை. மூன்று நாளில் பவுண்டு, டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்கு 1.04-க்கும் கீழே போனது. நீண்டகால அரசுப் பத்திரங்களின் விலை மளமளவென்று சரிந்தது.

அங்கே யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நெருப்புப் பிடித்தது: ஓய்வூதிய நிதியங்கள். நம் ஊர் நகைக்கடனை வைத்து இதைச் சொல்லலாம். நகையை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். தங்கம் விலை திடீரென்று இறங்குகிறது. "ஈடு போதாது, இன்னும் பணம் கட்டுங்கள்" என்று வங்கி கேட்கிறது. கட்டப் பணமில்லாமல் வீட்டிலிருக்கும் மற்ற நகையை விற்கப் போகிறீர்கள். தெருவில் எல்லோருக்கும் அதே நோட்டீஸ் வந்திருக்கிறது, எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு வருகிறார்கள். தங்கம் விலை இன்னும் இறங்கும், மறுபடியும் நோட்டீஸ் வரும். பிரிட்டனில் நகைக்குப் பதில் அரசுப் பத்திரம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28-ஆம் தேதி பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து பத்திரங்களை வாங்க இறங்கியது. முதலில் நாளொன்றுக்கு 500 கோடி பவுண்டு வரை, அக்டோபர் 14 வரை மட்டும். முடிவில் வாங்கியது ஏறக்குறைய 1,930 கோடி பவுண்டுக்கு. பலர் இதைப் பார்த்து, வட்டி உயர்வு முடிந்துவிட்டது, இனி பணத்தைக் கொட்டப்போகிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். தவறு. செப்டம்பர் 22-இல் 2.25 சதவீதமாக உயர்த்திய வட்டியை அதே வங்கி நவம்பர் 3-ஆம் தேதி 3 சதவீதமாக்கியது. ஒரு கை சந்தை உடையாமல் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை விலைவாசியைக் கட்டுப்படுத்தியது. வாங்கிய பத்திரங்களை அடுத்த ஜனவரிக்குள் விற்றும் முடித்துவிட்டது. அமைச்சர் அக்டோபர் 14-ஆம் தேதி பதவியிழந்தார். 20-ஆம் தேதி பிரதமரும் விலகுவதாக அறிவித்தார். மத்திய வங்கி நேரம் வாங்கித் தரலாம், அரசின் கொள்கைத் தவறை அது திருத்தித் தர முடியாது.

ரெப்போ மாறவில்லை, எனவே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பதும் இதே வகைத் தவறுதான். 2013 மே 22-ஆம் தேதி, அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி பத்திரங்கள் வாங்குவதைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று பேசினார். இந்தியாவிலிருந்து டாலர் வெளியேறத் தொடங்கியது. ஜூலை 15-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போவை 7.25-லேயே விட்டுவிட்டு, வங்கிகள் அவசரத்துக்குக் கடன் வாங்கும் விகிதத்தை 10.25 சதவீதமாக்கியது, ரெப்போவில் கிடைக்கும் பணத்துக்கும் 75,000 கோடி ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. 'பத்திரமான இடம்' என்று நம்பிப் பலர் பணம் போட்டுவைத்திருந்த லிக்விட் ஃபண்டுகளின் (குறுகியகாலக் கடன் பத்திரங்களில் முதலிடுபவை) என்.ஏ.வி.கூட மறுநாள் இறங்கியது. மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக 25,000 கோடி ரூபாயில் தனிக் கடன் வசதி திறக்க வேண்டியதாயிற்று. கடன் பத்திர ஃபண்டையும் வங்கி டெபாசிட்டையும் ஒன்றாக நினைத்தவர்கள் அன்று வித்தியாசத்தை அறிந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டுக்கு ஒருவர் ஆண்டுக்கு அனுப்பக்கூடிய தொகையை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்தார்கள். ரூபாயைக் காக்க எடுத்த நடவடிக்கை. ஆனால் நாளைக்கு முதலீட்டாளர்களின் பணத்தையும் வெளியே விடமாட்டார்களோ என்று சந்தை அதைப் படித்தது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி சென்செக்ஸ் 769 புள்ளிகள் விழுந்தது. மாத இறுதிக்குள் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற பிறகு, வெளிநாட்டு இந்தியர் டெபாசிட்டுகளுக்கான சலுகைத் திட்டத்தின் வழியாகவும் வங்கிகளின் வெளிநாட்டுக் கடன் வழியாகவும் ஏறக்குறைய 3,400 கோடி டாலர் வந்து சேர்ந்த பின்னரே பதற்றம் தணிந்தது.

ஒரே ஒரு குறியீட்டெண்ணைப் பார்த்து நாட்டின் நிலையை முடிவு செய்வது பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிவு வந்த 2016 ஜூன் 24-இல் விழுந்த லண்டனின் பங்குக் குறியீடான எஃப்.டி.எஸ்.இ. 100, ஒரு வாரத்துக்குள் பழைய நிலையைத் தாண்டியது. அதிலுள்ள பெரிய நிறுவனங்கள் சம்பாதிப்பது பெரும்பாலும் வெளிநாட்டில். பவுண்டு சரிந்ததால் அவர்களின் டாலர் வருமானம் பவுண்டில் கூடிவிட்டது. உள்நாட்டு வணிகத்தை அதிகம் சார்ந்த எஃப்.டி.எஸ்.இ. 250 முதல் நாளே 7 சதவீதம் இழந்திருந்தது.

இவ்வளவையும் படித்தவர், 'எல்லா வீழ்ச்சியும் சில நாளில் சரியாகிவிடும், விழுந்தால் வாங்கலாம்' என்று எடுத்துக்கொண்டால் அதுதான் மிக ஆபத்தான தவறு. 2022 இலங்கையை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் ரூபாயைப் பிடித்துவைக்க முடியாமல் கைவிட்டார்கள். டாலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மாதங்களில் 350-ஐத் தாண்டியது. ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. கொழும்புப் பங்குச் சந்தை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. வைப்புப் பணத்தை மட்டும் நம்பியிருந்த முதியவர்கள், பங்கு ஒன்றுகூட வைத்திராதவர்கள், வாழ்நாள் சேமிப்பின் பெறுமதி கண்முன்னே கரைவதைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உறவுகள் உள்ள நம்மில் பலருக்கு அது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

2024 ஜூனில் இந்தியாவில் அசைந்தது யார் ஆள்வார்கள் என்ற கணிப்பு. 2022-இல் இலங்கையில் தீர்ந்துபோனது டாலர். பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று அந்த மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தியாவின் கையிருப்பு 2024 மே 31-இல் 65,150 கோடி டாலர். சந்தை விழும் நாளில் சென்செக்ஸ் எண்ணுக்கு முன்னால் நான் தேடுவது இந்த எண்ணைத்தான். அடுத்து, அரசுப் பத்திரங்களின் வட்டி எங்கே நிற்கிறது என்பதை. பங்கு மட்டும் விழுந்து இவை இரண்டும் அசையாமல் இருந்தால், ஆடுவது கணிப்பு மட்டும். மூன்றும் சேர்ந்து ஆடினால், ஆடுவது நாட்டின் பணநிலையே.

கடைசியாக, கொள்கை அறிவிப்பின் தலைப்பை மட்டும் படிப்பது. 2024 அக்டோபர் 9-ஆம் தேதியும் செய்தித் தலைப்பு 'ரெப்போவில் மாற்றமில்லை' என்பதுதான். ஆனால் அறிக்கையின் உள்ளே நிலைப்பாடு 'நடுநிலை' என்று, அதாவது வட்டியை இனி இறக்கவும் வழியுண்டு என்று மாறியிருந்தது. நான்கு மாதத்தில், 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி, விகிதம் 6.25 சதவீதமானது, ஜூனுக்குள் 5.5. அந்த ஒரு சொல்லைக் கவனித்தவர்களுக்கு, பழைய வட்டியில் நீண்டகால டெபாசிட் போட்டுவைக்க நேரம் இருந்தது. வீட்டுக்கடன்காரர்கள் பார்க்க வேண்டியது வேறு. ரெப்போவோடு இணைந்த கடனாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் வட்டி தானாக மாறியாக வேண்டும். வங்கி தன் சொந்தச் செலவைக் கணக்கிட்டு வட்டி வைக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். கடனென்றால் அவ்வளவு வேகத்தில் இறங்காது. உங்கள் கடன் எந்த வகை என்று பாஸ்புக்கில் இருக்காது; கடன் ஒப்பந்தத்தில் இருக்கும், இல்லையென்றால் கிளையில் எழுதிக் கேளுங்கள்.