ஐந்து வாரத்தில் இலக்கியமும் சினிமாவும்: கோடைக்கால இணையவழி வகுப்பில் சேரும் முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மே மாதத்தோடு வழக்கமான வகுப்புகள் முடிந்து, கோடைக்கால வகுப்புகள் தொடங்கும். யேல், பெர்க்லி போன்ற இடங்களில் பட்டப்படிப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோடை வகுப்புக்கு அந்தப் பாடு இல்லை. வெளியாட்களும் விண்ணப்பித்து, பணம் கட்டிச் சேரலாம். யேலில் ஒரு வகுப்பு ஐந்து வாரம் நடக்கும், பெர்க்லியில் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு வாரம். இலக்கியம், சினிமா வகுப்புகள் சிலவற்றை வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். இணையவழியில் மட்டும் படிப்பவருக்கு மாணவர் விசா தேவையில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமான பருவத்தில் ஏறக்குறைய பதினைந்து வாரம் நடத்தும் பாடத்தை ஐந்து வாரத்தில் முடிக்கிறார்கள். பாடம் குறைவதில்லை, வேகம் மூன்று மடங்காகிறது. முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாவல் பாதியில் நிற்கும், பார்க்காத படம் இரண்டு இருக்கும், கட்டுரைக்கு நாளை கெடு. கட்டணமோ ஆயிரக்கணக்கான டாலர். அதனால், பணம் கட்டுவதற்கு முன் இலவசப் பாடம் ஒன்றில் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

முதல் படி: ஒத்திகை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் ‘தி ஃபிலிம் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பாடம் இருக்கிறது. பேராசிரியர் டேவிட் தோர்பர்ன் 2013இல் நடத்திய வகுப்புகளின் வீடியோக்கள் அவை. பஸ்டர் கீட்டன், சாப்ளின் காலத்து மௌனப் படங்களில் தொடங்கி ஹாலிவுட், இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஜப்பானிய இயக்குநர் குரோசவா வரை போகிறது. இலக்கியம் பக்கம் சாய்பவர்கள் ஓப்பன் யேல் கோர்சஸ் தளத்துக்குப் போகலாம். 1945க்குப் பிந்தைய அமெரிக்க நாவல் பற்றி ஏமி ஹங்கர்ஃபோர்டு நடத்திய வகுப்பும், இலக்கியக் கோட்பாடு பற்றிப் பால் ஃப்ரை நடத்திய வகுப்பும் அங்கே முழுதாகக் கிடைக்கின்றன. பேசியது அப்படியே எழுத்திலும் இருப்பதால், காதில் விழாமல் போன சொல்லைக் கண்ணால் பிடிக்கலாம். இரண்டு தளங்களிலும் பதிவு வேண்டாம், காசு வேண்டாம், சான்றிதழும் கிடையாது.

சான்றிதழ் அவசியம் என்பவருக்கு நம் நாட்டிலேயே ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது. ஜூலையில் தொடங்கும் பருவத்தில் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்.

ஒத்திகையில் ஒரே ஒரு விதி: இரண்டு வாரமும் தினமும் மூன்று மணி நேரம். இது முடியவில்லை என்றால் கோடை வகுப்பும் முடியாது. பணம் போகாமல் தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தைப் பென்சிலோடு படியுங்கள்

வகுப்பின் பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, மொத்தம் எத்தனை படம், எத்தனை பக்கம், எத்தனை கட்டுரை என்று எண்ணுங்கள். வாரங்களால் வகுத்துப் பாருங்கள். தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது. படங்களை எங்கே பார்ப்பது? பல்கலைக்கழக நூலகம் வழியாக என்றால், அது உங்கள் நாட்டில் திறக்குமா? உரிமைச் சிக்கலால் சில படங்கள் அமெரிக்காவுக்கு வெளியே ஓடாது. பணம் கட்டும் முன் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பதில் வரும் விதத்திலிருந்தே ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், கோடை வகுப்பை முடித்தால் கிடைக்கும் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளிகளை, தங்கள் கல்லூரி ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை ஜூலையில் ஒன்று சொல்லும், டிசம்பரில் இன்னொன்று சொல்லும்.

மூன்றாம் படி: கடிகாரம்

கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கிழக்குக் கரை ஒன்பதரை மணி நேரம். நேரலை வகுப்பு ‘திங்கள் மாலை 6 மணி, பசிபிக் நேரம்’ என்றால் நமக்குச் செவ்வாய் காலை 6.30. இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்திருந்த நான் திங்கள் காலை 6.30க்குக் குளித்து, சட்டை மாற்றி, காபியோடு கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும் இருந்தது. அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபின்தான் கிழமை உறைத்தது. எல்லா நேரங்களையும் முதல் நாளே இந்திய நேரத்தில் மாற்றி, கிழமையோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நேரலை இல்லாமல் பதிவு வீடியோவாக நடக்கும் வகுப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கெடு இருக்கும்.

நான்காம் படி: இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை எழுதுங்கள்

இதுதான் படிப்பே. முதல் முறை சும்மா பாருங்கள், ரசியுங்கள். இரண்டாம் முறை ஒரு காட்சியை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தை எடுத்துக்கொள்வோம். இது ஜப்பானிய எழுத்தாளர் ரியூனோசுகே அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகளிலிருந்து உருவானது. பெயரும் பாழடைந்த வாசலும் ‘ராஷோமோன்’ (1915) கதையிலிருந்து வந்தவை. கொலையும் ஒன்றுக்கொன்று முரணான சாட்சியங்களும் ‘யாபு நோ நகா’ (1922) கதையிலிருந்து வந்தவை. கதையையும் படத்தையும் அருகருகே வைத்துப் படிக்க இதைவிட வசதியான ஜோடி எனக்குத் தெரியாது. பிணத்தைக் கண்டெடுக்கும் மரவெட்டி அதற்குமுன் காட்டுக்குள் நடந்துபோகும் காட்சிக்கு என் நோட்டில் இருப்பது இது:

பார்த்தது: தோளில் கோடரி, அதன்மேல் மின்னும் வெளிச்சம். கேமரா அவனோடு நகர்கிறது, சில சமயம் அவனுக்கு முன்னால், சில சமயம் பின்னால். இலைகளின் நடுவே சூரியனை நேராகப் பார்க்கிறது.

கேட்டது: இசை மட்டும். பேச்சே இல்லை.

கதையில்: இந்த நடை இல்லை. மரவெட்டி அதிகாரியிடம் சில வரிகளில் சொல்லி முடிக்கிறான். பிணத்துக்கு அருகே கிடைத்தவை ஒரு கயிறும் ஒரு சீப்பும். படத்தில் முதலில் ஒரு பெண்ணின் தொப்பி கண்ணில் படுகிறது.

கேள்வி: கதையில் பேச்சாக மட்டும் இருப்பவனைப் படம் ஏன் இவ்வளவு நேரம் நடக்கவிடுகிறது?

பதில் அப்போது தெரியவேண்டியதில்லை. கேள்வி கிடைத்தால் போதும். வாரத்துக்கு இப்படி மூன்று குறிப்பு சேர்ந்தால், வகுப்புத் தளத்தின் விவாதப் பக்கத்தில் எழுதவேண்டிய பதிவுக்கு நீங்கள் திண்டாட மாட்டீர்கள். அங்கே ‘அருமையான படம், ஒளிப்பதிவு பிரமாதம்’ என்று எழுதுவதால் ஒரு மதிப்பெண்ணும் வராது. ஒரு காட்சி, அதன் நிமிடம், ஒரு கேள்வி என்று எழுதுங்கள். சக மாணவருக்குப் பதில் எழுதும்போது மறுக்கவும் செய்யலாம். நம்மில் பலருக்கு அதில் கூச்சம். ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

ஐந்தாம் படி: கட்டுரை

முதல் வரைவில் நான் எழுதிய மையக்கருத்து: ‘உண்மை ஒன்றல்ல என்று ராஷோமோன் காட்டுகிறது.’ ஓரத்தில் ஆசிரியர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். நியாயம்தான். படத்தைப் பார்க்காதவர்கூட எழுதக்கூடிய வரி அது. மறுபடியும் நோட்டைப் புரட்டினேன். ‘யாபு நோ நகா’ கதையின் முடிவில், இறந்தவனின் மார்பிலிருந்து யாரோ ஒருவர் கத்தியை உருவுகிறார். அது யாருடைய கை என்று அகுதாகவா சொல்லவேயில்லை. படமோ அந்தக் கத்தி மரவெட்டியிடம் போனதாகக் காட்டிவிடுகிறது. சாட்சி சொல்ல வந்தவனே திருடன் ஆகிறான். ‘கதை திறந்து விட்டுப்போன ஒன்றைப் படம் ஏன் மூடுகிறது?’ என்று தொடங்கினேன். அதன்பின் கட்டுரை தானாக நடந்தது.

இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், தயங்காமல் நம் படம் ஒன்றை எடுங்கள். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), பாட்டே இல்லாமல் வந்தது, ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்வது, ராஷோமோனோடு ஒப்பிடத் தோதானது. ஆசிரியர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் கதைச்சுருக்கம் ஒரு பத்தி கொடுங்கள். ஒரு பத்திதான், நான்கு பத்தி அல்ல.

பிறர் எழுதியதை எடுத்தால் மேற்கோள் குறியும் பெயரும் வேண்டும். இதில் அங்கே இரக்கம் பார்க்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு விதி இருக்கும், பாடத்திட்டத்திலேயே பாருங்கள்.

இரண்டு தேதிகள்

வகுப்பிலிருந்து விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் ஒன்று இருக்கும். ஐந்து வார வகுப்பில் அது சில நாட்களிலேயே வந்துவிடும். சேரும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, வகுப்புத் தளம் உங்களுக்கு மூடப்படும் நாள். பாட வீடியோக்களை நீங்கள் திரும்பப் பார்ப்பது சந்தேகம்தான். ஆனால் உங்கள் கட்டுரைகளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளும் அதோடு போய்விடும். அவற்றை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.