கிறிஸ்துமஸ் செலவை ஜனவரியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

வடசென்னையின் ராயபுரத்திலோ தொண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பரில் திணறுவதற்கு ஆடம்பரம் காரணமாக இருப்பது அரிது. பல கம்பெனிகளில் போனஸ் தீபாவளிக்கே வந்துவிடுகிறது. அது பழைய கடனுக்குப் போய்விட, கிறிஸ்துமஸை வெறும் சம்பளத்தில்தான் நடத்த வேண்டியிருக்கிறது. சில இடங்களில் அந்தச் சம்பளத்தையும் பண்டிகைக்காக 24ஆம் தேதியே கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த சம்பளம் ஜனவரி 31இல்தான் என்பதும், இடையில் 38 நாட்கள் இருப்பதும், அதற்குள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் பொங்கலும் வரிசையாக வந்து நிற்கும் என்பதும் அந்த நேரத்து மகிழ்ச்சியில் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, கோயிலிலிருந்து திரும்பியதும், வீட்டில் சம்பாதிப்பவர்களும் சமைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஜனவரிக்குத் தேவையான வாடகை, கட்டணம், மளிகை, தவணை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்தத் தொகையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மழைக்கென்றும் ஒரு தொகை வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வடசென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பாயும் மெத்தையும் மட்டும் போவதில்லை, சில நாள் கூலியும் சேர்ந்தே போகிறது. இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் கிறிஸ்துமஸ் பணம். அது எவ்வளவு என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். சொல்லாமல் மறைக்கும்போதுதான் கடை வாசலில் அழுகையும் வீட்டில் சண்டையும் வருகின்றன.

பணம் போதவில்லை என்று தண்டல், அதாவது நாள்தோறும் வாசலில் வந்து வசூலிக்கும் கடன், வாங்காதீர்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓர் ஆண்டு டிசம்பர் நடுவில் 10,000 ரூபாய்க்குத் தண்டல் எடுத்தோம். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய்தான் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஸ்டாரைக் கழற்றி மடித்து வைத்த பிறகும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய பிறகும், மாலையில் வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டால் என் மனைவி முந்தானையில் முடிந்திருந்த நூறு ரூபாய் நோட்டை அவிழ்ப்பார். கட்டம் கட்டமாகக் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 1,500 ரூபாய் சிறிய வட்டியாகத் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது நூறு சதவீதத்தையும் தாண்டும். கிரெடிட் கார்டில் கட்டாமல் விடும் பாக்கிக்கும் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறுவது வழக்கம் என்பதால் அதுவும் மாற்று வழி ஆகாது.

துணி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு டிசம்பர் முதல் வாரத்தில், வார நாள் காலையில் போய் வந்துவிடுங்கள். இருபதாம் தேதிக்குப் பிறகு போனால், நெரிசலில் எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று கேட்ட விலைக்கே எடுத்துவிடுவோம். தையல்காரரும் அதற்குள் ஆர்டரை நிறுத்தியிருப்பார். அலங்காரப் பொருட்களைப் பாரிமுனைப் பக்கம் மொத்த விலையில் வாங்குவதென்றால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்குங்கள், இல்லையென்றால் விலை குறைவு என்பதற்காகவே தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். பணத்தைக் கவரில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. போனில் ஸ்கேன் செய்யும்போது பணம் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை, கவர் மெலிவது தெரியும்.

அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசு வாங்குவதற்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அடுப்படிதான். அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. முறுக்கு ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், 200 முறுக்கு என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே பெண் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கிறார். அதன்பின் கல்கல்லும் அதிரசமும் காத்திருக்கின்றன. நள்ளிரவுத் திருப்பலியில் அவர் தூங்கி விழுவதில் வியப்பில்லை. எங்கள் தெருவில் இப்போது ஒரு வீட்டில் முறுக்கு, இன்னொரு வீட்டில் கல்கல், மற்றொரு வீட்டில் அதிரசம் என்று பிரித்துக்கொண்டு மாற்றிக்கொள்கிறோம். கல்கல் மாவைச் சீப்புப் பற்களின் மேல் உருட்டும் வேலையைப் பிள்ளைகளும் ஆண்களும் செய்யலாம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குக் கொடுத்தனுப்பிய வீடுகளுக்குத் தட்டு கட்டாயம் போகட்டும். அவர்கள் கொடுத்த அளவுக்கு ஈடாக நிரப்ப வேண்டும் என்பதில்லை.

அடுத்த ஆண்டுக்கு, இந்த டிசம்பர் முதல் தேதியிலேயே வங்கியில் மாதம் 500 ரூபாய்க்கு 12 மாதத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். அடுத்த திருவருகைக் கால நோட்டில் 6,000 ரூபாயும் அதன் வட்டியும் முதல் வரியாக இருக்கும்.