மார்ட்டின் லூதர் கிங் தினத்துக்கு எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை, கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக விடுமுறை. இங்கே வந்த புதிதில் எனக்கு அது வெறும் லாங் வீக்எண்ட்தான். மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம், "அப்பா, அவருக்கு என்ன கனவு?" என்று கேட்டாள். எல்லாரும் சமம் என்பதுதான் கனவு என்று சொல்லிச் சமாளித்தேன். "அதுக்கா சுட்டாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தும் பார்த்தும் சேர்த்ததுதான் கீழே இருப்பது. இவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் ஒரு வாரயிறுதியில் செய்யலாம். எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: 1963-ன் கனவுப் பேச்சோடு நிறுத்தாமல், அவர் கொல்லப்பட்ட 1968 வரை போய்விட வேண்டும்.

படி 1: டிசம்பரிலேயே லைப்ரரிக்குப் போங்கள்

முதல் வருடம் நான் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை போனேன். அலமாரி காலி. ஊரில் உள்ள ஆசிரியர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். டிசம்பர் நடுவிலேயே இணையத்தில் 'ஹோல்ட்' (முன்பதிவு) போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அது அரசு விடுமுறை, பெரும்பாலான லைப்ரரிகள் பூட்டியிருக்கும். லைப்ரரி அட்டை இருந்தால் லிபி, ஹூப்ளா, கனோபி ஆப்களில் மின்நூல், ஒலிநூல், ஆவணப்படம் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். உங்கள் லைப்ரரி எதில் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. விடுமுறை திங்கட்கிழமை என்பதால் 15-க்கும் 21-க்கும் நடுவில் ஏதோ ஒரு நாளில் வரும். இந்த விடுமுறையும் சும்மா கிடைத்துவிடவில்லை. அவர் இறந்த நான்காம் நாளே மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாக 1983 ஆனது, முதல் கொண்டாட்டம் 1986-ல். ஐம்பது மாநிலங்களும் ஒப்புக்கொள்ள 2000 வரை பிடித்தது.

படி 2: பேச்சை முழுசாகக் கேளுங்கள்

எல்லாருக்கும் தெரிந்த அந்த 'எனக்கொரு கனவு உண்டு' பேச்சு, 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவிடம். சுமார் 17 நிமிடம்தான். ஆனால் நாம் எல்லாரும் கேட்டிருப்பது கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே.

முதலிலிருந்து கேட்டால் பேச்சு சீக்கிரமே பணத்துக்கு வந்துவிடுவது தெரியும். நாடு உருவானபோது எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தது, கறுப்பின மக்கள் அதை மாற்றப் போனால் 'கணக்கில் பணமில்லை' என்று காசோலை திரும்பி வந்துவிட்டது என்கிறார். செக் பவுன்ஸ் ஆனால் என்ன எரிச்சல் வரும் என்று தெரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இந்த உவமை கனவைவிடச் சுலபமாகப் புரிகிறது.

ஒளிப்பதிவில் அவர் கண்ணைக் கவனியுங்கள். பாதிக்கு மேல் வரை அடிக்கடி குனிந்து தாளைப் பார்க்கிறார். அப்புறம் பார்ப்பதே இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்ததாக அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கனவுப் பகுதி எழுதி வைத்த உரையில் இல்லை.

படி 3: சிறையிலிருந்து எழுதிய கடிதம்

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள், மற்றதை விட்டுவிடலாம். 'லெட்டர் ஃப்ரம் பர்மிங்ஹாம் ஜெயில்' என்று தேடினால் முழு உரையும் இணையத்தில் கிடைக்கும். 1963 ஏப்ரலில், ஊர்வலத் தடையை மீறியதற்காக அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கைதாகி உள்ளே இருந்தபோது எழுதியது. எட்டு வெள்ளை மதகுருமார்கள், இந்தப் போராட்டம் இப்போது வேண்டாம், பொறுங்கள் என்று செய்தித்தாளில் அறிக்கை விட்டிருந்தார்கள். அந்தச் செய்தித்தாளின் ஓரத்து வெற்றிடத்திலேயே பதில் எழுதத் தொடங்கினார். துண்டுக் காகிதங்களில் தொடர்ந்தார், வக்கீல்கள் கொண்டுவந்த நோட்டில் முடித்தார்.

ஆங்கிலம் கொஞ்சம் கனமாக இருக்கும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், சனிக்கிழமை பாதி, ஞாயிறு பாதி. நடுவில் 300 சொற்களுக்கு மேல் ஓடும் ஒற்றை வாக்கியம் ஒன்று வரும், அங்கே வண்டியை நிறுத்துங்கள். டிவியில் விளம்பரம் பார்த்து, கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்ல முடியாமல் நாக்குத் தடுமாறும் அப்பா. எந்த விடுதியும் இடம் தராததால் இரவெல்லாம் காரிலேயே தூங்குவது. எத்தனை வயதானாலும் 'பையா' என்று கூப்பிடுவது, மனைவிக்கும் அம்மாவுக்கும் மரியாதைச் சொல் ஒட்டாமல் வெறும் பெயர் சொல்வது. இத்தனையும் அடுக்கிவிட்டுத்தான், இனியும் பொறுப்பது எங்களுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குப் புரியும் என்று வாக்கியத்தை முடிக்கிறார்.

நான் இதை அம்மாவுக்காக வாய்மொழியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'பார்த்திருந்தால், கேட்டிருந்தால், தூங்கியிருந்தால்' என்று கடைசிவரை இழுத்துக்கொண்டே போக நம் மொழி தோதாக இருக்கிறது, முற்றுவினை வரும்வரை மூச்சு விட முடியாது. 'பையா' என்ற இடத்தில் அம்மா நிறுத்தி, "நம்ம ஊர்ல கிழவனைப் பார்த்து 'டேய்'ங்கிற மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான். நீங்களும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பத்தியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஒப்புமை கிங்குக்கே சொல்லப்பட்டிருக்கிறது. 1959-ல் அவர் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் 'நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினார். ஒரு கணம் சுருக்கென்றது, பிறகு யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டது என்று 1965-ல் தன் அட்லாண்டா தேவாலயத்தில் பிரசங்கம் செய்தபோது சொன்னார்.

படி 4: பிள்ளைகளுக்கு

எட்டு வயதுக்குள் என்றால் 'மார்ட்டின்ஸ் பிக் வேர்ட்ஸ்' படப்புத்தகம். அலமாரியில் தேடும்போது ஒரு விஷயம்: முன்னட்டையில் பெயரே இருக்காது, பக்கம் முழுக்கச் சிரிக்கும் கிங்கின் முகம் மட்டும்தான். தலைப்பு பின்னட்டையில். அவருடைய சொற்களையே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கொலையையும் மறைக்காமல் மெதுவாகச் சொல்கிறது.

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் 'மார்ச்', மூன்று பாகங்கள், கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதை. கிங்கோடு நடந்து, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸின் சொந்தக் கதை. லூயிஸ் இளைஞராக இருந்தபோது, மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பைப் (பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து, கிங் முன்னின்று நடத்திய போராட்டம்) பற்றிப் பத்து சென்ட் விலையில் வந்த ஒரு காமிக்ஸ் புத்தகம் அவரைப் பாதித்தது. அதனால்தான் தன் கதைக்கும் அதே வடிவம். அடி, ரத்தம், வசைச்சொல் எல்லாம் இருக்கும், முதலில் நீங்கள் புரட்டிவிட்டுக் கொடுங்கள்.

படி 5: படம்

பலரும் எடுப்பது 'செல்மா', கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலத்தைப் பற்றி 2014-ல் வந்தது. நல்ல படம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. தொடக்கத்திலேயே, நான்கு சிறுமிகள் இறந்த பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பு வரும், முன்னறிவிப்பே இல்லாமல். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள். இரண்டாவது, படத்தில் கிங் பேசும் மேடைப் பேச்சுகள் அவர் பேசியவை அல்ல. பேச்சுகளின் திரைப்பட உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், இயக்குநர் ஏவா டுவர்னே அதே தொனியில் புதிதாக எழுதினார். பள்ளி ப்ராஜெக்ட்டில் அதை மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

என் ஓட்டு 'ஐஸ் ஆன் த ப்ரைஸ்' ஆவணத்தொடருக்கு. 14 பகுதிகள், எல்லாம் அசல் காட்சிகள். புதியவர்கள் மூன்று பார்த்தால் போதும்: முதல் பகுதி மாண்ட்கமரிக்கு, நான்காவது பர்மிங்ஹாமுக்கும் வாஷிங்டனுக்கும், பத்தாவது கடைசி ஆண்டுக்கு.

படி 6: ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால்

அன்று காலையிலிருந்து வாட்ஸப்பில் கிங் படத்தோடு பொன்மொழிகள் வந்து குவியும். பாதிக்கு மேல் எனக்குச் சந்தேகம்தான். 2011-ல் பின்லேடன் கொல்லப்பட்டபோது, எதிரியின் மரணத்தில்கூட மகிழமாட்டேன் என்று கிங் பெயரில் ஒரு வரி உலகம் சுற்றியது. யாரோ ஒருவர் தன் சொந்த வரியை எழுதி, அதன் கீழே கிங்கின் உண்மையான மேற்கோளைப் போட்டிருந்தார். பகிர்ந்தவர்கள் கையில் மேற்கோள் குறி தொலைந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிங் ஆய்வு நிறுவனத் தளத்தில் அவருடைய பேச்சு, கடிதம், பிரசங்கம் ஏராளமாக இருக்கின்றன. அங்கே போட்டுத் தேடுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று சொல்லாத மேற்கோளை நான் அனுப்புவதில்லை.

படி 7: திங்கட்கிழமை மாலை, மெம்ஃபிஸ்

1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். அதுவரை புகழ்ந்த பத்திரிகைகளே திட்டின. பெரியவர்கள் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், 39 வயதில் கொல்லப்பட்டார்.

பிள்ளைகளோடு கேட்க வேண்டியது அதற்கு முந்தின இரவுப் பேச்சு. 1968 பிப்ரவரி 1 அன்று, மெம்ஃபிஸில் மழைக்கு ஒதுங்கிய குப்பை அள்ளும் தொழிலாளர்கள் இருவர் வண்டியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டை கழுத்தில் தொங்கியது. அவர்களுக்காகத்தான் கிங் வந்தார். ஏப்ரல் 3 இரவு புயல் மழை, அவர் பேசுவதாகவே இல்லை. கூட்டம் காத்திருக்கிறது என்று நண்பர் அபர்நதி போன் செய்து வரவழைத்தார். கையில் தாளே இல்லாமல் பேசினார்.

மலையுச்சிக்குப் போய் வந்துவிட்டேன் என்று சொல்லும் முடிவு பிரபலம். நான் பிள்ளைகளுக்குப் போடுவது அதற்கு முந்தின இரண்டு இடங்கள். ஒன்றில், வேலைக்கு ஆள் எடுப்பதில் நியாயமாக நடக்காத நிறுவனங்களைச் சொல்லி, எந்த பிரெட்டை, எந்தப் பாலை வாங்கக் கூடாது என்று பிராண்டு பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறார். இன்னொன்றில் தும்மல் கதை: 1958-ல் ஒரு பெண் அவர் நெஞ்சில் கத்தியைச் செருகினாள், அது நெஞ்சின் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. தும்மியிருந்தால் செத்திருப்பார் என்று செய்தித்தாளில் படித்த ஒன்பதாம் வகுப்புப் பெண், நீங்கள் தும்மாதது எனக்குச் சந்தோஷம் என்று கடிதம் போட்டாளாம். என் மகள் அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னாள்.

வேலை நிறுத்தம் ஏப்ரல் 16 அன்று முடிந்தது. நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது, கூலியும் உயர்ந்தது. பிள்ளைகளிடம் இந்தத் தேதியையும் சொல்லிவிடுங்கள், பல புத்தகங்கள் 4-ஆம் தேதியிலேயே முடிந்துவிடுகின்றன.