டபுள் பேஸ் – பியானோ கச்சேரி: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூருக்குப் பியானோ புதிதல்ல. தேவாலயப் பாடகர் குழு, டிசம்பர் மாத கேரல், பிள்ளைகளின் கிரேடு தேர்வு என்று மேற்கத்திய இசை இங்கே பல குடும்பங்களில் புழங்குகிறது. ஆனால் வயலின் போல வில்லால் வாசிக்கும், அதைவிட மிகப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட டபுள் பேஸை முன்னால் நிறுத்தி, பியானோவோடு ஒரு முழுக் கச்சேரி என்றால் ஏற்பாடு செய்பவர்களுக்கே கொஞ்சம் பழக்கம் இல்லாத வேலைதான். நல்ல எண்ணத்தில் செய்யும் பல காரியங்கள் கடைசியில் அந்த வாத்தியத்தின் குரலையே மூடிவிடுகின்றன.

முதல் தவறு, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதே, சத்தமும் அதற்கேற்ப பெரிதாக வரும் என்று நம்புவது. வராது. டபுள் பேஸின் அடிக் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது மெல்லியதாகத்தான் வாங்கும். பியானோக்காரரின் இடது கையும் அதே பகுதியில்தான் உலாவுகிறது. அவர் பெடலை அழுத்திக்கொண்டு கொஞ்சம் ஓங்கி வாசித்தால் போதும், பேஸ் காணாமல் போய்விடும். இத்தாலிய பேஸ் கலைஞர் பொட்டேசினி (1821–1889) போன்றவர்கள் தனி வாசிப்புக்கு எழுதியபோது மெட்டைப் பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோனதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அதனால் கிராண்ட் பியானோவின் மூடியை முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். முழுக்க மூடினாலும் ஒலி மழுங்கும். குட்டைக் கோலில் நிறுத்தினால் போதும். பேஸ் வாசிப்பவர் பியானோவின் வளைவுக்கு முன்னால், சற்றே முன்தள்ளி நிற்கட்டும். பியானோக்காரரின் கண்ணுக்கு வில் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். வில் கம்பியில் பிடித்து ஒலி எழும்ப ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தைப் பார்த்துத்தான் அவர் கட்டையை அழுத்துவார்.

மேடைத் தரையையும் பாருங்கள். பேஸின் அடியில் கூரான ஓர் இரும்புக் கால் உண்டு. பலகை மேடையில் அது ஊன்றி நிற்கும், பலகையும் சேர்ந்து அதிரும், ஒலிக்கு நல்லது. டைல்ஸிலும் மழமழவென்ற கிரானைட்டிலும் வழுக்கும். ஒரு கனமான பலகையாவது போட்டுக் கொடுங்கள். உட்கார்ந்து வாசிப்பவராக இருந்தால் கைப்பிடி இல்லாத உயரமான ஸ்டூல் வேண்டும். வரவேற்பறை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை வாசிக்க முடியாது.

அடுத்தது மைக் செட். நம் ஊரில் மைக் இல்லாமல் விழாவா என்று தோன்றும், புரிகிறது. ஆனால் சின்ன ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வெளியே வராது. வில் உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். போதாக்குறைக்கு ‘எக்கோ’ வேறு வைத்தால் எல்லாம் குழம்பிவிடும். இருநூறு பேர் உட்காரும் அரங்குக்கு மைக்கே தேவையில்லை. வரவேற்புரைக்கு மட்டும் போட்டு, வாசிப்பு தொடங்கும்போது அணைத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக அமைதிக்குச் செலவிடுங்கள்: கடகடக்கும் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜெனரேட்டரைக் கட்டிடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். விசிறி ஓடியே ஆக வேண்டும் என்றால் இசைத்தாள்களுக்கு கிளிப் கட்டாயம்.

கலைஞர்கள் பக்கம் நடக்கும் தவறுகளில் பெரியது சுருதி முறையைப் பேசிக்கொள்ளாமல் விடுவது. டபுள் பேஸுக்கு இரண்டு முறை உண்டு. ஆர்கெஸ்ட்ரா சுருதியில் கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. தனிக் கச்சேரிக்குப் பலர் ஒரு முழு சுரம் ஏற்றி எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்று வைப்பார்கள். ஒலி பளிச்சென்று வரும். இதற்குக் கம்பிகளும் வேறு. பேஸ்காரரின் தாள் இரண்டுக்கும் ஒன்றே, விரலும் அதே இடத்தில்தான் போகும். மாற வேண்டியது பியானோ தாள். ரஷ்ய பேஸ் கலைஞர் கூசெவிட்ஸ்கி பேஸை முன்னிறுத்தி எழுதிய கான்செர்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள், 1905இல் மாஸ்கோவில் முதலில் அரங்கேறியது. பேஸ் தாளில் ஈ மைனர் என்றுதான் இருக்கும். கம்பியை ஏற்றி வைத்திருந்தால் ஒலிப்பது எஃப் ஷார்ப் மைனர். பியானோக்காரர் ஈ மைனர் தாளோடு வந்து உட்கார்ந்தால் இருவரும் கடைசிவரை சேரவே மாட்டார்கள். உள்ளூர்ப் பியானோ கலைஞரை அமர்த்துகிறீர்கள் என்றால், தாள் அனுப்பும் அன்றே ‘எந்த சுருதிக்கு?’ என்று கேட்டுவிடுங்கள். கச்சேரியன்று மதியம் தெரியவந்தால் கம்பி மாற்றவும் நேரமிருக்காது, அப்படியே மாற்றினாலும் புதுக் கம்பி சுருதியில் நிற்காது.

பியானோவின் சுருதி வேறு விஷயம். அதில் சுமார் 230 கம்பிகள் இருக்கின்றன, ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஆடும். வருடம் முழுக்க மூடிக் கிடந்த பியானோவை முதல் நாள் மேடைக்கு உருட்டிவிட்டு, சுருதி போன வாரமே சேர்த்தாயிற்று என்று இருக்காதீர்கள். முதலில் இடம் மாற்றுங்கள், இரண்டொரு நாள் கிடக்கட்டும், அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். சென்னையிலிருந்து வர வேண்டியவர் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏசி அரங்கு என்றால் ஒத்திகைக்கு முன்பே போட்டுவிடுங்கள், இடையில் அணைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலை மறந்துவிடுவதும் உண்டு. பேஸ் உடம்பை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகக்கூடியது. சென்னையிலிருந்து வரும் வழியில், வாலாஜா பக்கம் சாப்பிட இறங்கும்போது பூட்டிய வேனுக்குள் வெயிலில் விட்டால் ஒட்டு விடும். மெத்தையில் பக்கவாட்டாகப் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும், கம்பிகளைத் தாங்கும் கட்டையான குதிரை இருக்கும் பக்கம் கீழே வரவே கூடாது. வில்லின் முடியில் தேய்க்கும் பிசினான ரோசின், பேஸுக்கானது மென்மையானது, மே மாதத்தில் காகிதத்தோடு தேன்போல் வழிந்து பைக்குள் ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் நிமிர்த்தி வைத்து, நிழலில் வைக்கச் சொல்லுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி, பிப்ரவரி நல்லது.

நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள்: ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவில் கைதட்ட வேண்டாம், முழுதும் முடிந்ததும் தட்டலாம். ரசித்துத் தட்டுபவரை யாரும் முறைக்க வேண்டியதில்லை. பொன்னாடை, சிறப்புரை எல்லாம் கடைசியில் இருக்கட்டும். நடுவில் இருபது நிமிடம் பேச்சு போனால் கம்பி சுருதி இறங்கும், கையும் ஆறிப்போகும்.

முடிந்ததும் பிள்ளைகள் பேஸைச் சுற்றிக் கூடுவார்கள். விரட்டாதீர்கள். கலைஞர் சம்மதித்தால் அடிக் கம்பியை மீட்டிப் பார்க்கட்டும். வில்லின் முடியை மட்டும் தொடவிடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது.