வீடு கட்டும்போது கம்பி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளைக்கு ரூஃப் கான்கிரீட் என்றால் இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடுவார்கள். "ஒருதடவை வந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் போங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். நாங்கள் தொழில் பழகிய நாளில் சைட்டுக்குச் சைட் நடந்த அதே தவறுகளை, புதிதாக சூப்பர்வைசர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளும் முதல்முறை வீடு கட்டுகிறவர்களும் அப்படியே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆற்று மணல் போய் எம் சாண்ட் வந்த பிறகும், டார் கம்பி போய் டிஎம்டி வந்த பிறகும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

நல்ல கம்பியாகப் பார்த்து வாங்குங்கள், பில் கேளுங்கள், மழையில் போட்டு வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் இருக்கும் சைட்டிலேயே நடக்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எடை போடாமல் கம்பி இறக்குவது

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 மில்லி கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக்கம்பி என்றால் 4.74 கிலோ. 12 மில்லி முழுக்கம்பி 10.67 கிலோ. ஐஎஸ் 1786 தரக்குறிப்பு இதில் கொஞ்சம் முன்பின் இருக்க இடம் கொடுக்கிறது. 10 மில்லி வரைக்கும் 7 சதவீதம், அதற்கு மேல் 16 மில்லி வரைக்கும் 5 சதவீதம்.

"எடைக்குத்தானே காசு கொடுக்கிறோம், கம்பி ஒல்லியாக இருந்தால் கூட ரெண்டு கம்பி கிடைக்கும், நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. காசில் நஷ்டம் இல்லைதான். ஆனால் இன்ஜினியர் இத்தனை அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று கணக்குப் போட்டது முழுப் பருமனுள்ள கம்பியை வைத்து. சைட்டில் அதே இடைவெளியில் ஒல்லிக் கம்பியைக் கட்டினால் தளத்தில் உள்ள இரும்பு குறைந்துபோகும். கூடக் கிடைத்த ரெண்டு கம்பி ஓரமாகத்தான் கிடக்கும்.

எண் பெரிதாக இருந்தால் நல்ல கம்பி என்று நினைப்பது

எஃப்இ 500, 550 என்பதெல்லாம் எவ்வளவு இழுவிசை வரைக்கும் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதற்கான எண். அறுந்துபோவதற்கு முன் எவ்வளவு நீண்டு கொடுக்கும் என்பது வேறு கணக்கு. எஃப்இ 500 கம்பி குறைந்தது 12 சதவீதமும், 500 டி என்றால் குறைந்தது 16 சதவீதமும் நீள வேண்டும். நில அதிர்வு வந்தால் கைகொடுப்பது இந்த நீட்சிதான். வரைபடத்தில் 500 டி என்று இருந்தால் 500 டிதான் வாங்க வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று மாற்றாதீர்கள்.

லேசான துருவைப் பார்த்துக் கம்பியைத் திருப்பி அனுப்புவது

தேவையில்லை. கையில் பொடி ஒட்டினால் பயமில்லை, செதில் செதிலாக உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கவர் பிளாக் வைக்காமல் கம்பியைத் தகட்டின்மேல் கிடத்துவது

கம்பிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் சின்ன கான்கிரீட் துண்டுதான் கவர் பிளாக். அந்த இடைவெளியில் நிரம்பிக் கம்பியை மூடும் கான்கிரீட்தான் கவர். இதை விடுவதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. செலவு மிகவும் குறைவு, வேலையும் பெரிதில்லை, விட்டால் வரும் கேடு அவ்வளவு பெரிது. தெரிந்தும் விடுகிறார்கள்.

கடற்கரையோர ஊர் ஒன்றில் ஒரு வீடு. கட்டி 12 வருடம்தான் ஆகியிருந்தது. படுக்கையறை ரூஃபின் அடிப்பக்கம் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்திருந்தது. பகல் நேரம் என்பதால் யாரும் படுத்திருக்கவில்லை. விழுந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பூச்சும் வெள்ளையும். மறுபக்கம் கம்பியின் வரிகள் ஒவ்வொன்றும் செம்பழுப்பு நிறத்தில் அச்சு அச்சாகப் பதிந்திருந்தன. கம்பிக்கும் பூச்சுக்கும் நடுவே இருந்த கான்கிரீட் அப்பளக் கனம்தான் இருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை, வெறும் சிமென்ட் பால் படிந்திருந்தது. மேலே தெரிந்த 8 மில்லி கம்பியைச் சுரண்டிவிட்டு அளந்தால், இடையிடையே 5 மில்லிக்கு இளைத்திருந்தது.

வீட்டுக்காரருக்கு அன்றைக்கு நடந்தது நன்றாக நினைவிருந்தது. கவர் பிளாக் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். "கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கிவிட்டுடுவோம் சார்" என்று பதில் வந்திருக்கிறது. இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். நம்பாதீர்கள். கான்கிரீட் விழ ஆரம்பித்தால் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், வைப்ரேட்டர் ஒரு பக்கம் ஓடும், கம்பி மேல் நடந்துதான் ஆக வேண்டும். தூக்கிய கம்பி அடுத்த ஆள் கால் வைத்ததும் மறுபடி தகட்டில் போய் உட்காரும். கான்கிரீட் மூடிவிட்ட பிறகு அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

கவர் எதற்கு என்று புரிந்துகொண்டால் இதை விட மனம் வராது. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி இந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்டதும் படலம் போய்விடும். அப்புறம் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பு இறங்கினால் காரம் குறையும் வரைகூட அது காத்திருக்காது, நேராகவே படலத்தை உடைக்கும். துருவானது தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. ரூஃபில் கம்பி ஓடும் வழியாகவே நேர்கோட்டில் விரிசல் வருவது இதனால்தான்.

பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. கரியமில வாயு உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். அதனால் கவரைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் பாதியாகாது, கால் பங்காகிவிடும். 20 மில்லியைக் கடக்க 40 வருடம் எடுக்கும் கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கான்கிரீட்டில் 10 மில்லிதான் கவர் என்றால் 10 வருடத்தில் வாயு கம்பியைத் தொட்டுவிடும். "ஒரு சென்டிமீட்டர்தானே சார் குறையுது" என்று சொல்லும் மேஸ்திரியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கவர் அளவுகள் கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரக்குறிப்பில் தெளிவாக இருக்கின்றன. வெயில் மழை நேரடியாகப் படாத சாதாரண இடத்தில் தளத்துக்கு 20 மில்லி. பில்லருக்கு 40, அஸ்திவார ஃபுட்டிங்குக்கு 50 மில்லிக்குக் குறையக் கூடாது. கடற்காற்று நேரடியாக அடிக்கும் இடத்தில் 45 மில்லி கேட்கிறது. சென்னையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கட்டுகிறவர்கள் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் வீட்டின் அளவையே அங்கேயும் வைக்கிறார்கள், அது போதாது. இன்னொன்று, இந்த அளவை வெளியே இருக்கும் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். பீமிலும் பில்லரிலும் வெளியே இருப்பது மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். மெயின் கம்பியிலிருந்து டேப்பை வைத்து 40 இருக்கிறது என்று காட்டினால், 8 மில்லி ரிங்குக்கு 32தான் மிச்சம் என்று அர்த்தம்.

கவர் பிளாக் என்ற பெயரில் உடைந்த டைல்ஸ், பெரிய ஜல்லி, செங்கல் துண்டு, மரக்கட்டை என்று எதையாவது செருகுவதும் தவறுதான். ஜல்லி உருளும், செங்கல் தண்ணீரைக் குடிக்கும், கட்டை நாளடைவில் உளுத்து ஈரத்துக்கு வழி விடும். சைட்டில் நீங்களே வார்ப்பதானால் தளத்துக்குப் போடும் கான்கிரீட்டின் வலுவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு வாரமாவது தண்ணீரில் கிடக்க வேண்டும். முதல் நாள் வார்த்து மறுநாள் செருகும் பிளாக் கால் பட்டதும் நொறுங்கும். மீட்டருக்கு ஒன்றாவது வைத்து, கட்டுக்கம்பியால் கட்டுங்கள். பீமுக்கு அடியில் வைப்பவர்கள்கூடப் பக்கவாட்டில் மறந்துவிடுகிறார்கள், அதையும் குனிந்து பாருங்கள்.

பிளாக்கை நீங்களே வாங்கி, கம்பி கட்ட ஆள் வருவதற்கு முன்னால் சைட்டில் போட்டுவிடுவது நல்லது. கட்டும்போதே வைத்தால் அரை நாள் வேலைகூட இல்லை. முழு ரூஃபையும் கட்டி முடித்த பிறகு கடப்பாரை போட்டுத் தூக்கி வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், பாதி இடத்தில் வைக்கவும் மாட்டார்கள்.

நான் சொன்ன அந்த வீட்டில், விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஒருதடவை சிமென்ட் பூசி மறைத்திருந்தார்கள். துருவின் மேல் பூசினால் துரு உள்ளே நின்றுவிடாது, பூச்சையும் சேர்த்துத் தள்ளும். முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, இளைத்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலவை போட்டுத்தான் சரி செய்ய முடிந்தது. அண்ணாந்தபடி செய்யும் வேலை, நாள் கணக்கில் தூசி, அந்த அறையை யாரும் புழங்க முடியவில்லை. ஒரு கவர் பிளாக்கின் விலை சில ரூபாய்.

பால்கனி மேல்கம்பியை மிதித்துக் கீழே இறக்குவது

தளத்தில் கம்பி அடிப்பக்கம் இருந்து பழகியவர்கள் பால்கனியிலும் சன்ஷேடிலும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்கு இழுவை மேல்பக்கம்தான், முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டுவார்கள். கான்கிரீட் அன்று எல்லோரும் அதன் மேல் நடந்து அது நடுவுக்கோ அடிக்கோ இறங்கிவிடும். முட்டுகளைப் பிரித்த அன்றே பால்கனி தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். மேல்கம்பியைத் தாங்க, கம்பியை வளைத்துச் செய்த சேர்களை நெருக்கமாக வைத்து, நடப்பதற்குத் தனியாகப் பலகை போடுங்கள். கான்கிரீட் முடியும் வரை அந்த மூலையில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ரிங்கின் கொக்கியை 90 டிகிரியில் விடுவது

135 டிகிரிக்கு வளைத்து, நுனி பில்லரின் உள்ளே போக வேண்டும். நில அதிர்வில் வெளிப்பக்கக் கான்கிரீட் உடைந்தால் 90 டிகிரி கொக்கி விரிந்துவிடும்.

கம்பியைச் சூடுபடுத்தி வளைப்பது

கூடாது. டிஎம்டியின் வலுவே அதன் வெளித்தோலில் ஏற்றிய கடினத்தில் இருக்கிறது, தீயில் காட்டினால் அது போய்விடும்.

சென்ட்ரிங் ஆயில் கம்பியில் படுவது

தகட்டில் கான்கிரீட் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஆயிலை முதலில் அடித்துவிட்டுக் கம்பியைப் பரப்புங்கள்.

உப்புத் தண்ணீரில் கலவை போடுவது

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதையே கலவைக்கும் ஊற்றினால், வெளியிலிருந்து வர வேண்டிய உப்பை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். கான்கிரீட்டை நீராட்டுவதற்கும் அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

மாடி எடுப்போம் என்று மொட்டைமாடியில் கம்பியை நீட்டி விட்டுவைப்பது

நம் ஊரில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் பில்லர் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அடுத்த வருடம் மாடி எடுப்பதாக விட்டது, மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று தள்ளிப்போய் 10, 15 வருடம் ஆகிவிடும். கம்பி கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் மழைத்தண்ணீர் தேங்கித் துரு ஆழமாக ஏறும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், கழுத்தில் பாதி தேய்ந்திருக்கும். அதே கம்பியில் புதுக்கம்பியை இணைத்து மாடி எழுப்புகிறார்கள்.

உடனே கட்டப்போவதில்லை என்றால் நீட்டிய கம்பியைத் துரு நீக்கி, சிமென்ட் பால் பூசி, வலுக்குறைந்த கான்கிரீட்டால் முழுவதும் மூடிவிடுங்கள். பிறகு உடைத்து எடுப்பது சுலபம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் கம்பிக்கென்றே சிமென்ட்டும் பாலிமரும் சேர்ந்த பூச்சு முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது, கடலோரத்தில் இருப்பவர்கள் அதையும் விசாரிக்கலாம். ஏற்கெனவே பல வருடம் நின்ற கம்பியாக இருந்தால், கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் கான்கிரீட்டைக் கொத்தி, துருவைத் தேய்த்துவிட்டு விட்டத்தை அளந்து, அந்த அளவை இன்ஜினியரிடம் கொடுங்கள். தேய்ந்த கம்பியோடு ஒட்டுப்போடுவதா, பில்லரில் துளையிட்டு ரசாயனப் பசையால் புதுக்கம்பி நடுவதா என்று அவர் முடிவு செய்த பிறகு மாடிக்குக் கம்பி வாங்குங்கள்.