ஹாட் யோகாவுக்குப் புதிதா? முதல் மாதத்தில் இவற்றைச் செய்துவிடாதீர்கள்

ஜனவரி வந்தால் எங்கள் ஸ்டூடியோவில் புதுமுகங்கள் நிறைந்துவிடுவார்கள். நானும் என்னோடு சேர்ந்தவர்களும் அந்தக் காலத்தில் செய்த அதே காரியங்களை அவர்கள் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில் கொண்டுவா, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதே என்பதையெல்லாம் முதல் நாளே ரிசப்ஷனில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சூடாக்கிய அறையில் செய்வதுதான் ஹாட் யோகா, அந்தப் பெயரில் இன்று பல வகை உண்டு. இதைப் பிரபலமாக்கியது, கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய முறை. 26 ஆசனம், 2 மூச்சுப்பயிற்சி, 90 நிமிடம். அறை வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். ஈரப்பதம் 40 சதவீதம். அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்தபிறகு பல ஸ்டூடியோக்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு, அதே வரிசையை வேறு பெயரில் நடத்துகின்றன. இந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக யாரும் எப்படியும் மாற்றி நடத்தலாம். சேரும் முன் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நமக்கு வெயில் பழக்கம்தானே"

சென்னை மே மாதத்தையே பார்த்தவன், இந்தச் சூடு என்ன செய்துவிடும் என்று வருகிறவர்கள்தான் முதல் அரைமணி நேரத்திலேயே தள்ளாடுகிறார்கள். பகல் முழுக்க ஏசி ஆபீஸ், இரவு முழுக்க ஏசி படுக்கையறை என்று இருக்கும் உடம்புக்கு வெயில் பழக்கம் எங்கிருந்து வரும்? நிழலில் சும்மா உட்கார்ந்து சூட்டைத் தாங்குவது வேறு, அந்தச் சூட்டில் ஒற்றைக் காலில் நின்று தசையை இறுக்குவது வேறு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா க்ராஸ் வளாகத்தில், வெப்பம் அளக்கும் மாத்திரையை விழுங்கவைத்து இந்த வகுப்பில் பங்கேற்றவர்களைச் சோதித்தார்கள். சிலருக்கு உடம்பின் உள்வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. காய்ச்சலில் அந்த அளவு வந்தால் நாம் டாக்டரிடம் ஓடுவோம். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். அதுவரை ஒவ்வோர் ஆசனமும் இரண்டு முறை வரும்போது ஒரு முறை செய்துவிட்டு மறுமுறை உட்கார்ந்துகொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சூடு தரும் வளைவை உங்கள் வளைவு என்று நம்புவது

இதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது. மற்றவை ஒரு நாள் தலைவலியோடு போய்விடும், இது மாதக்கணக்கில் உங்களை உட்கார விடாது.

சூடான அறையில் தசையும் தசைநாரும் இளகும், இழுபடும்போது தெரியவேண்டிய வலியும் குறைந்துவிடும். வீட்டில் முழங்காலைத் தாண்டாத கை அங்கே தரையைத் தொடும். தொட்டதும் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதில்தான் ஆபத்து. எலும்போடு தசை ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பலம் ஒரே வாரத்தில் வந்துவிடாது. அது அன்று காலை எவ்வளவு தாங்குமோ, சூட்டிலும் அவ்வளவுதான் தாங்கும்.

என்னோடு சேர்ந்த தோழி ஒருத்தி. மூன்றாவது வாரமோ என்னவோ, பாதஹஸ்தாசனத்தில் குனிந்து, குதிகாலுக்குப் பின்னால் கையைக் கோத்து, முட்டியை நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நடத்தியவர் "இன்னும், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே அவள் இடுப்பில் கையை வைத்து அழுத்தினார். உட்கார்ந்தால் நாற்காலியில் பதியுமே, அந்த எலும்புக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். அங்கே வலிக்கவே இல்லை. சாயங்காலம் ஸ்கூட்டரில் சிக்னலில் நிற்கும்போதுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டிவந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தசை இறுகியிருக்கிறது, நீட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் எழுந்து அதே காலை இன்னும் நீட்டினாள். தொடையின் பின்பக்கத் தசையை எலும்போடு கட்டும் தசைநாரில் கிழிசல் என்று ஸ்கேனில் தெரிந்தபோது கிழிந்த இடத்தை வாரக்கணக்கில் இழுத்துவிட்டிருந்தாள். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லாரும் உட்கார்ந்திருக்க இவள் மட்டும் சுவரோரமாக நின்றாள். நீட்டுவதை முழுக்க நிறுத்திவிட்டு, படிப்படியாகப் பாரம் கொடுத்துத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளைத்தான் பிசியோதெரபிஸ்ட் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க அவள் பாய் விரிக்கவில்லை.

இதையே இப்போதும் வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன். பக்கத்துப் பாயில் இருப்பவரின் நெற்றி முழங்காலைத் தொட்டுவிட்டது என்பதற்காக, ஒற்றைக் காலில் நின்று மறுகாலை நீட்டும் தண்டாயமான ஜானுசிரசாசனத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறார்கள். நிற்கும் காலின் முட்டி பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டிருக்கும். 'முட்டியைப் பூட்டு' என்று வகுப்பில் சொல்வது, தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கி முட்டியைத் தாங்கு என்பதற்காக. மூட்டைப் பின்னால் தள்ளச் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்? சாதாரண அறையில் உங்களால் எவ்வளவு குனிய முடியும் என்று முதலில் வீட்டில் பார்த்துவையுங்கள். முதல் மாதம் முழுக்க, சூடான அறையிலும் அங்கேயே நின்றுவிடுங்கள், உடம்பு போகிறேன் என்றாலும் விடாதீர்கள். முன்னால் குனியும் ஆசனங்களில் முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். இழுவை தொடையின் நடுப்பகுதியில் தெரிந்தால் சரி. முட்டிக்குப் பின்னாலோ, உட்காரும் எலும்புக்கு அருகிலோ சுருக்கென்றால் அந்த நொடியே வெளியே வாருங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே டீச்சரிடம் போய் "என்னைத் தொட்டு அழுத்த வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல டீச்சர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

வகுப்புக்கு முன் ஒரே மூச்சில் ஒரு லிட்டர்

பத்து நிமிடம் முன்பு மடக்மடக்கென்று குடித்த தண்ணீர் வயிற்றில் குலுங்கும், புஜங்காசனத்தில் குப்புறப் படுக்கும்போது மேலே வரும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். அதோடு உப்பும் போயிருக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, தலைவலி, குழப்பம் வரை போகும். உப்புப் போட்ட மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், அதனால் அதோடு உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள்.

நஞ்செல்லாம் வியர்வையில் போய்விடும்

போகாது. அது ஈரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை.

சூடு கூடினால் பலன் கூடும் என்று நினைப்பது

டெக்சாஸில் இதே ஆசன வரிசையை ஒரு குழு 40.5 டிகிரி செல்சியஸிலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் 12 வாரம் செய்தார்கள். ரத்தக்குழாய்களின் விரிதிறன் இரண்டிலும் ஒரே மாதிரி மேம்பட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். எனவே ஹீட்டருக்குப் பக்கத்து இடத்தைப் பிடிக்க ஓடாதீர்கள், கதவோரம் நில்லுங்கள்.

மயக்கம் வரும்போது எழுந்து ஓடுவது

உஷ்ட்ராசனத்தில் பின்னால் வளைந்து நிமிரும்போது பலருக்குக் கண் இருட்டும், குமட்டும். அந்த நேரத்தில் எழுந்து கதவை நோக்கி ஓடினால் வழியிலேயே விழுவீர்கள். அப்படியே உட்காருங்கள், பிறகு படுங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள். தணியவில்லை, தலை விண்விண்ணென்று வலிக்கிறது, உடம்பு சில்லிடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கத்தில் இருப்பவரை அழைத்து அவர் துணையோடு வெளியே போய்விடுங்கள். வகுப்பு முடியும்வரை அறையை விட்டுப் போகக்கூடாது என்று சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். அதை மதிக்கவே வேண்டாம்.

டாக்டரிடம் கேட்காமல் சேருவது

கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பதே நல்லது. இதயநோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக அதிகமாகச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். சில ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் விதத்தை மாற்றும். மாத்திரைப் பட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டவல் இல்லாமல் யோகா பாயில் நிற்பது

வழுக்கும்.

வீட்டிலேயே அறையைச் சூடாக்குவது

ஜன்னலையெல்லாம் சாத்தி, ரூம் ஹீட்டரைப் போட்டு, பக்கத்தில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்துச் செய்கிறேன் என்று பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. கேஸ், கரி, மண்ணெண்ணெய் எதை மூடிய அறையில் எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. மின் ஹீட்டராகவே இருந்தாலும், தனியாக மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லை. வீட்டில் செய்வதென்றால் ஃபேனைப் போட்டுக்கொண்டு அதே 26 ஆசனங்களையும் செய்யுங்கள்.